உறை ஊற்றிய தண்ணீர்

2023 ஆவணியில், மேடவாக்கத்தில் எங்கள் கூடத்துச் சுவரோரம் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தோம். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மணலும் கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 400 லிட்டர் பிடிக்கும். செப்டம்பர் முதல் வாரத்தில் தண்ணீர் நிரப்பினேன். முதல் மீன் வந்தது புரட்டாசி கடைசியில். இடையில் ஆறு வாரம், விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது, தண்ணீர் சுற்றியது. உள்ளே மீன் மட்டும் இல்லை.

எதிர் வீட்டுப் பாட்டி தினமும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். "என்னப்பா, வெறும் தண்ணிக்கா இவ்ளோ செலவு பண்ணே? மீனு எங்க?"

"தண்ணி இன்னும் பழகல பாட்டி. பால் தயிராகுறதுக்கு உறை ஊத்தி வைக்கிறோம்ல, அது மாதிரி."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. உறை ஊற்றிய பாத்திரத்தை ஆட்டக் கூடாது, அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த தலைமுறை அது.

அப்பா காலத்தில் எங்களில் யாருக்கும் தண்ணீரைப் பழக்க வேண்டும் என்பது தெரியாது. 1980களின் கடைசியில், மேடவாக்கம் கூட்டு ரோட்டைத் தாண்டினால் வயலும் ஏரியுமாக இருந்த நாளில், அப்பா ஒரு மீன் தொட்டி வாங்கினார். இரண்டடித் தொட்டி. இரும்பு ஆங்கிள் சட்டம், அதற்குப் பச்சை பெயின்ட், கண்ணாடி இடுக்கில் மக்கு. ஒரு வருஷத்தில் சட்டம் துருப்பிடிக்கும், மக்கு காய்ந்து உதிரும், மூலையில் தண்ணீர் கசியும். தொட்டிக்குக் கீழே எப்போதும் ஒரு பழைய துணி கிடக்கும். மீன் வாங்குவது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். அப்பா சைக்கிள் ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். பைக்குள் இரண்டு கோல்டு ஃபிஷ், வெயிலில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும்.

தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்து. கடைக்காரர் சொன்ன ஒரே பக்குவம், "ஒரு ராத்திரி தண்ணியை வச்சு மறுநாள் மீனை விடுங்க சார்" என்பதுதான். அப்படியே செய்தோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல மங்கும். ஐந்தாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும். எட்டாம் நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் அம்மா அதை முருங்கை மரத்தடியில் புதைத்திருப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி சந்தை. "ராசியில்லாத தொட்டி" என்று பெரியம்மா சொன்னார். அப்பாவும் அதை நம்பத் தொடங்கினார்.

ராசி அல்ல, அம்மோனியா. மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான். ஏரியில் அது ஒரு பொருட்டே இல்லை. கோரையின் தண்டில், சேற்றின் மேல்தோலில், கல்லின் வழுவழுப்பில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடும். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். 1890 வாக்கிலேயே ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டிவிட்டார். நேற்றுக் கழுவிய புதுக் கண்ணாடித் தொட்டியில் இவர்கள் யாரும் இல்லை. மீனை விட்டால் அதன் கழிவே அதற்கு நஞ்சு. அம்மோனியாவைத் தாண்டிப் பிழைத்தாலும் அடுத்து நைட்ரைட் காத்திருக்கும். அது ரத்தத்தில் ஏறி ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும், ரத்தமே பழுப்பாகும்.

அப்பா பொறுப்பில்லாதவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொட்டியைக் காலி செய்வார். கூழாங்கல்லை முறத்தில் கொட்டி, தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் வெயிலில் காயப்போடுவார். கண்ணாடியைப் பளபளவென்று துடைப்பார். அந்த வாரத்தில் எங்கோ நாலு பாக்டீரியா ஒட்டியிருந்தால் அதுவும் வெயிலில் செத்துப்போகும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்களுடையது புதுத் தொட்டி. அவருடைய அக்கறையே மீனுக்கு எமனானதை இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது. இன்றும் எத்தனையோ வீடுகளில் நல்ல மனசோடு இதையேதான் செய்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் எல்லாவற்றையும் தப்பு என்று தள்ளிவிட முடியாது. மீன் சோர்ந்தால் அப்பா ஒரு கைப்பிடி கல் உப்பு போடுவார். சந்தையில் யாரோ சொன்னது. உப்பில் இருக்கும் குளோரைடு, செவுளில் நைட்ரைட் புகும் வழியை அடைக்கிறது. நைட்ரைட் நஞ்சுக்கு இன்றும் முதல் உதவி அதுதான். காரணம் தெரியாமலே கைக்கு வந்த மருந்து.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கிணற்றில் விட்ட மீன்கள் வருஷக்கணக்கில் வாழ்ந்தன. கொசுவுக்காக யாரோ விட்டுவிட்டுப் போன சின்ன மீன்கள். யாரும் தீனி போட்டதில்லை, தண்ணீர் மாற்றியதில்லை. பாசி படர்ந்த உறைகளும் அடிச்சேறும் அந்தக் கிணற்றுக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருந்தன. கிணற்றில் வாழும் மீன் அதே கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றிய தொட்டியில் ஏன் சாகிறது என்று பத்து வயதில் நான் கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை. பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிடச் சுவரில் ஒட்டித்தான் அதிகம் வாழும். நாங்கள் தண்ணீரை மட்டும் கொண்டுவந்தோம், சுவரை விட்டுவிட்டோம்.

அந்தக் கிணறு இப்போது இல்லை. அதன் மேல் கார் நிற்கிறது. வயல் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள். கூட்டு ரோட்டுக்கு மேல் 2022இல் திறந்த மேம்பாலம் போகிறது. பெரிய ஏரி இருக்கிறது, ஆனால் நான் பார்த்த ஏரி அல்ல. சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்து சேரும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியபோது கணக்கில் வந்தது 1,247 ஹெக்டேர். ஆயிரக்கணக்கான ஏக்கர் கோரையும் சேறும் ஊரின் கழிவுநீருக்குச் செய்துவந்த வேலையை இப்போது பெரிய அடுக்குமாடிகளின் பின்பக்கம் ஒரு சுத்திகரிப்புத் தொட்டி, ப்ளோயர் வைத்துக் காற்று ஊதிச் செய்கிறது. ப்ளோயர் அரை நாள் நின்றால் போதும், வாடை மூன்றாவது மாடிக்கு வரும். என் கூடத்தில் நடப்பதும் அதே வேலைதான், சின்ன அளவில்.

தண்ணீரும் மாறிவிட்டது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது இங்கே லாரிதான் தெய்வம். பதிவு செய்து நாள்கணக்கில் காத்திருந்த அந்த மாதங்களில் மீன் வளர்த்த பலர் தொட்டியையே எடுத்துவிட்டார்கள். இன்று எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர், லாரித் தண்ணீர் இரண்டும் கலந்து குழாயில் வருகிறது. உப்புச் சுவை, குழாய் வாயில் வெள்ளைப் படிவு, வாளியில் வெள்ளைக் கோடு. இதைப் பார்த்துப் பயந்து ஆர்.ஓ. தண்ணீரில் தொட்டியை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய தப்பு. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்குத் தண்ணீரில் கார்பனேட் வேண்டும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்குள் 7 கிராம் அளவுக்குக் காரத்தன்மை செலவாகிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை. பி.எச். சரிந்து, 6க்குப் பக்கத்தில் வந்ததும் வேலை நின்றுபோகும். நம் ஊர்ப் போர் தண்ணீரைக் குறை சொல்கிறோமே, இந்த ஒரு வேலைக்கு அது கொடுத்துவைத்த தண்ணீர். நம் வெயிலும் அப்படியே. குளிர்நாடுகளில் ஹீட்டர் போட்டு 28 டிகிரிக்குக் கொண்டுவருவதை இங்கே குளிர்மாதங்கள் தவிர மற்ற மாதங்களில் சும்மாவே சூரியன் தருகிறது.

ஆனால் அதே பி.எச்., அதே வெயில், மீன் உள்ளே இருந்தால் எதிரி. 30 டிகிரியில், பி.எச். 8 இருக்கும் தண்ணீரில், அம்மோனியாவின் 100 பங்கில் 7 பங்கு கொல்லும் வடிவத்தில் இருக்கும். பி.எச். 7 என்றால் 1 பங்குகூட இருக்காது. பிற ஊர்க்காரர் ஒருவர் மீனை விட்டே தொட்டியைப் பழக்கித் தப்பித்திருக்கலாம். மேடவாக்கத்துத் தண்ணீரில் அந்தச் சோதனைக்கு மீன் தாங்காது. எங்கள் கோல்டு ஃபிஷ் எட்டு நாள் தாக்குப்பிடித்ததே பெரிது.

இந்தத் தடவை வேலையைக் கீழிருந்து தொடங்கினேன். தண்ணீர் 400 கிலோ, 12 மி.மீ. கண்ணாடி 90 கிலோவுக்குப் பக்கம், மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 600 கிலோவுக்கு மேல் வரும். வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரநிலை கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. தொட்டி நிற்கும் இடமோ முக்கால் சதுர மீட்டர். ஆகவே கூடத்தின் நடுவில் வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, கட்டடம் கட்டிய இன்ஜினீயரிடம் கேட்டு, பீம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தோம். பெரிய தொட்டி வாங்குகிறவர்கள் கண்ணாடிக் கடைக்குப் போகும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. சட்டம், மக்கு எல்லாம் போய்விட்டன. வெட்டிய கண்ணாடியைச் சிலிகானில் ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, வாசலில் வைத்து நிரப்பிக் கசிவு பார்த்துவிட்டுத்தான் உள்ளே தூக்கினோம். தூக்க ஆறு பேர்.

பிறகு பாக்டீரியாவுக்குச் சோறு. மீன் இல்லை, ஆனால் அம்மோனியா வேண்டும். 1990களின் பின்பாதியில் மேலைநாட்டு மீன் வளர்ப்போரிடம் பரவிய முறை இது. மீனுக்குப் பதில் அம்மோனியாவை நாமே ஊற்றிப் பாக்டீரியாவை வளர்த்துவிட்டு, கடைசியில் மீனை அழைப்பது. சிலர் ஒரு இறாலைத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டு அழுகவிடுவார்கள். எங்கள் வீட்டில் புரட்டாசியில் கறிமீன், இறால் வாசலைத் தாண்டாது. அம்மோனியம் குளோரைடு வாங்கலாம் என்று ரசாயனக் கடையில் கேட்டேன். கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "நவச்சாரம் தானே?" என்றார்.

எனக்குச் சட்டென்று எங்கள் பழைய தெரு கண்முன் வந்தது. "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது!" என்று கூவிக்கொண்டு வருபவர் மரத்தடியில் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தி மிதிப்பார். பித்தளை அண்டா சூடேறியதும் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும், மூக்கைக் குத்தும். பஞ்சால் ஈயத்தைத் தேய்த்துக்கொண்டே போவார், பாத்திரத்தின் உள்பக்கம் நிலா மாதிரி ஆகும். அந்தத் தூள்தான் நவச்சாரம். மூக்கைக் குத்திய அந்தப் புகைக்குள் இருந்ததுதான் எங்கள் கோல்டு ஃபிஷ்ஷைக் கொன்ற அம்மோனியா. ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருவுக்கு வந்து முப்பது வருஷம் இருக்கும். அவருடைய தூள் இப்போது என் சமையலறைத் தராசில் இருந்தது. 400 லிட்டருக்கு 2 பி.பி.எம். வர இரண்டரை கிராம் போதும். கலப்படம் இருக்கலாம் என்பதால் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு வேண்டாம், பரிசோதனைக்கூடத் தரத்தில் உள்ளதையே வாங்க வேண்டும்.

தினமும் இரவு பரிசோதனைக் குழாயோடு உட்காருவோம், நானும் மகளும். ஐந்து மில்லி தண்ணீர், சொட்டு மருந்து, ஐந்து நிமிஷக் காத்திருப்பு. அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். முதல் ஒன்பது நாள் வெறும் பச்சை. பத்தாம் நாள் நைட்ரைட் குழாய் வானத்து நீலத்திலிருந்து ஊதாவுக்குத் திரும்பியது. "அப்பா, வந்துடுச்சுப்பா!" என்று அவள் கத்தியதில் பாட்டி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். வந்தது என்னவென்று காட்ட எங்களிடம் ஒரு குழாய் ஊதாத் தண்ணீர்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. அம்மோனியா சீக்கிரமே ஒரே நாளில் மறையத் தொடங்கியது. நைட்ரைட் மட்டும் இறங்கவே இல்லை. மூன்று வாரம் அடர் ஊதா. தயிரின் பாக்டீரியா ஒரு ராத்திரியில் பாத்திரத்தை நிறைத்துவிடும். இவை ஒரு தடவை இரட்டிக்கவே அரை நாளிலிருந்து ஒரு நாள் எடுக்கும். கடையில் கேட்டால், "அண்ணே, பாக்டீரியா பாட்டில் இருக்கு, ஊத்துனா நாளைக்கே மீன் விடலாம்" என்பார்கள். நான் வாங்கி ஊற்றிப் பார்த்தேன், என் தொட்டியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. எல்லாப் பாட்டிலும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டிலில் எந்தப் பாக்டீரியா இருக்க வேண்டும் என்பதே வெகுகாலம் சரியாகத் தெரியாது. 1998இல்தான் அமெரிக்காவில் டிமதி ஹோவனெக் குழுவினர், நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது நூறு வருஷமாக எல்லோரும் சொல்லிவந்த நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று கண்டுபிடித்தார்கள். 2015இல் இன்னும் ஒரு அதிசயம்: இரண்டு வேலையையும் ஒரே உடம்பில் செய்யும் நைட்ரோஸ்பைராவும் உண்டு என்று தெரியவந்தது. அப்பா முறத்தில் கல்லைக் கழுவிய காலத்தில் உலகத்துக்கே இது தெரியாது.

முப்பத்தொன்பதாம் நாள் இரவு இரண்டரை கிராம் போட்டேன். மறுநாள் இரவு மூன்று குழாய்களையும் வரிசையாக வைத்தோம். மஞ்சள், நீலம், நைட்ரேட்டுக்கு ரத்தச் சிவப்பு. இருபத்து நாலு மணி நேரத்தில் எல்லாம் தின்று தீர்ந்திருந்தது. முக்கால் தொட்டித் தண்ணீரை இறைத்து மாடிச் செடிகளுக்கு ஊற்றினோம், நைட்ரேட் அவற்றுக்கு உரம். புதுத் தண்ணீர் நிரப்பி, கொளத்தூர் மீன் கடைக்குப் போய் ஆறு ஏஞ்சல் மீன் வாங்கிவந்தோம். எட்டாம் நாள் காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் தொட்டிப் பக்கம் போகவே பயந்தேன். ஆறும் இருந்தன. தீனிக்கு மேலே வந்தன, மூச்சுக்கு அல்ல.

அடுத்த மாதம் சித்தாலப்பாக்கத்தில் நண்பர் ஒருவர் தொட்டி வைத்தார். என் ஃபில்டரிலிருந்து ஒரு பஞ்சைப் பாதியாக வெட்டி, தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு, அரை மணி நேரத்தில் அவர் ஃபில்டரில் சேர்த்தோம். எனக்கு ஆறு வாரம் ஆன வேலை அவருக்குப் பன்னிரண்டு நாளில் முடிந்தது. சாயங்காலம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "அக்கா, உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்கா?" என்று அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனதுதான் நினைவுக்கு வந்தது.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று இரவு கரன்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றரை நாளில் ஓய்ந்தது. பிறகு மகளும் நானும் மாற்றி மாற்றிச் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். மூடிய டப்பா ஃபில்டரைத் திறந்து பஞ்சை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கரன்ட் வந்ததும் திறந்தேன். அழுகிய முட்டை வாடை. காற்று இல்லாமல் உள்ளே எல்லாம் செத்திருந்தது. அதை அப்படியே ஓடவிட்டிருந்தால் மிச்ச மீனும் போயிருக்கும். இரண்டு ஏஞ்சல் ஏற்கெனவே போய்விட்டன.

நண்பர் வீட்டுப் பக்கம் ஜெனரேட்டர் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் அவரே வந்தார். கையில் ஒரு டப்பா, அதற்குள் நான் கொடுத்த அதே பஞ்சில் பாதி. பத்தாம் நாள் குழாய்கள் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் திரும்பின. அதுவரை தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, ஒரு கைப்பிடி கல் உப்பும் போட்டேன்.

அந்த நாலு ஏஞ்சலும் இன்றும் இருக்கின்றன. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள், முதல் நாளே மீன் வாங்காமல், நோயில்லாத மீன்களோடு ஆறு மாதமாவது ஓடிய தொட்டி உள்ள ஒரு வீட்டில் ஒரு துண்டு அழுக்குப் பஞ்சு கேட்டுப் பாருங்கள். தொட்டி வைத்திருப்பவர்களே, அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள். கேட்டு வருபவருக்குப் பாதி வெட்டிக் கொடுங்கள்.